பியானோவும் கோலும்: டேனியல் பாரன்பாய்மைப் புரிந்துகொள்ள ஒரு விளக்கம்

2025 பிப்ரவரியில் ஒரு சிறிய அறிவிப்பு வந்தது. தனக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதாக டேனியல் பாரன்பாய்ம் தெரிவித்தார். அப்போது அவருக்கு வயது 82. மேற்கத்திய செவ்வியல் இசையைத் தொடர்ந்து கேட்காதவர்களை அந்தச் செய்தி நிச்சயம் குழப்பியிருக்கும். ஒரு பத்தியில் அவர் பியானோ கலைஞர், அடுத்த பத்தியில் இசை நடத்துநர். அர்ஜென்டினாவில் பிறந்தவர், இஸ்ரேலியர், பெர்லின்வாசி என்று வரிசையாகப் போய், கடைசியில் பாலஸ்தீனக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் என்று முடிகிறது. ஓர் இசைக் கலைஞரின் உடல்நலச் செய்தியில் இத்தனை நாடுகள் ஏன் வருகின்றன?

இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் மற்றவை தாமாகத் தெளியும். பியானோ வாசிப்பவர் எதற்காக இசைக்குழுவை வழிநடத்தும் கோலைக் கையில் எடுக்கிறார்? கோலை எடுத்தவர் எப்படி அரசியலுக்குள் வந்து சேர்ந்தார்? இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது என் கணிப்பு. ஒரே நேரத்தில் பல குரல்களைக் கேட்டுப் பழகிய காதுதான் அந்த வேர்.

நடத்துநர் என்னதான் செய்கிறார்?

‘நடத்துநர்’ என்றாலே பேருந்து விசில் நினைவுக்கு வருவது தமிழில் தவிர்க்க முடியாத சங்கடம். வேறு நல்ல சொல் இன்னும் நிலைபெறாததால் அதையே வைத்துக்கொள்வோம்.

கர்நாடகக் கச்சேரியில் நான்கைந்து பேர் மேடையில் இருப்பார்கள். தாளம் பாடகரின் தொடையிலேயே விழுகிறது. வயலின்காரரும் மிருதங்கக்காரரும் அவரைப் பார்த்து, கேட்டு, பின்தொடர்கிறார்கள். தனியாக ஒருவர் நின்று கையசைக்க அங்கே தேவையே இல்லை. சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் கதை வேறு. எண்பது, நூறு பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு வரிகளை வாசிக்கிறார்கள். ஓபோ என்ற மரக்குழலை ஊதுபவர் முன் இருக்கும் தாளில் ஓபோவின் வரி மட்டுமே இருக்கும். பின்வரிசையில் டிராம்போன் என்ன செய்யப்போகிறது என்பது அவர் தாளில் இல்லை. எல்லா வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்ட முழு ஏடு, அதாவது ‘ஸ்கோர்’, நடத்துநரிடம்தான் இருக்கிறது.

அவர் செய்யும் வேலையை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. வேகம். எங்கே தொடங்குவது, எங்கே நெகிழ்வது, எங்கே இறுக்குவது என்பதை முடிவு செய்வது. கோலின் முனை காட்டுவது பெரும்பாலும் இதைத்தான்.

2. எடை. பித்தளைக் குழல்கள் முழுமூச்சாக ஊதினால் வயலின்கள் காணாமல் போய்விடும். எந்தக் குரல் முன்னே வரவேண்டும், எது ஒதுங்க வேண்டும் என்று தராசு பிடிப்பது.

3. ஒத்திகை. உண்மையான உழைப்பு இங்கேதான் நடக்கிறது. கச்சேரி அன்று நாம் பார்க்கும் கையசைவு பல நாள் வேலையின் வால்.

மேடையில் ஓசை எழுப்பாத ஒரே ஆள் நடத்துநர். தன் கையில் இல்லாத கருவிகளிலிருந்து தன் காதில் இருக்கும் ஒலியை அவர் வரவழைக்க வேண்டும்.

பியானோவிலிருந்து அந்த மேடைக்கு வரும் வழி

வயலின், செல்லோ வாசிக்கிறவர்களும் நடத்துநர் ஆகியிருக்கிறார்கள். ஆனால் பியானோவிலிருந்து வந்தவர்கள் கூட்டம் பெரிது. காரணம் கருவியிலேயே இருக்கிறது.

வயலின் அடிப்படையில் ஒரு மெட்டுக் கருவி. பியானோவின் 88 கட்டைகளிலோ அடிக்குரல், நடுக்குரல், மேல்குரல் மூன்றையும் பத்து விரல்களால் ஒன்றாக ஒலிக்க வைக்கலாம். முழு சிம்பொனியையும் சுருக்கிப் பியானோவில் வாசித்துப் பார்க்க முடியும். ஆகவே பியானோ படிக்கும் குழந்தை சின்ன வயதிலேயே ‘இந்தச் சமயத்தில் மற்ற குரல்கள் என்ன செய்கின்றன’ என்று கேட்கப் பழகிவிடுகிறது.

இதைவிட நுட்பமான இன்னொரு காரணம் உண்டு. பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டிய நொடியிலேயே ஒலி தேயத் தொடங்கிவிடும். வயலின்காரர் ஒரே சுரத்தை இழுத்தபடியே பெரிதாக்கலாம். பியானோக்காரரால் அது முடியாது. தட்டியது தட்டியதுதான். அப்படியானால் நல்ல கலைஞர்கள் வாசிக்கும்போது மெட்டு பாடுவதுபோல் தொடர்ச்சியாகக் கேட்பது எப்படி? முதல் சுரம் எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறதோ அந்த அளவை ஒட்டி அடுத்த சுரத்தைத் தட்டுகிறார்கள். இரண்டுக்கும் இடையில் இருக்கும் பள்ளத்தை நம் காது தானே நிரப்பிக்கொள்கிறது. பியானோக் கலை பாதி மாயவித்தை. இல்லாத ஒலியை முன்கூட்டியே மனத்தில் கேட்கும் பழக்கத்தை அது வளர்க்கிறது. நடத்துநருக்கு வேண்டிய மூலதனமும் அதுவே.

வரலாறும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. மோட்சார்ட் காலத்தில் நடத்துநர் என்று தனித் தொழிலே கிடையாது. தன் பியானோ கான்சர்ட்டோவை, அதாவது தனிப் பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் இசையை, வாசித்துக்கொண்டே இசைக்குழுவையும் அவரே வழிநடத்தினார். 19-ஆம் நூற்றாண்டில் இசைக்குழுக்கள் பெருத்த பிறகே அது தனி வேலையானது. அப்போதும் ஹான்ஸ் ஃபான் பியூலோ போன்றவர்கள் இரண்டு படகிலும் கால் வைத்திருந்தார்கள். 1865-இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ‘டிரிஸ்டானும் இசோல்டேயும்’ ஆப்பெராவை (பாடி நடிக்கும் இசை நாடகம்) மியூனிக்கில் முதன்முதலாக நடத்தியவர் அவர். பத்தாண்டு கழித்து பாஸ்டனில் சைகோவ்ஸ்கியின் முதல் பியானோ கான்சர்ட்டோவை முதன்முதலாக வாசித்தவரும் அவரே.

புவனோஸ் அயர்ஸ் பையன்

பாரன்பாய்ம் பிறந்தது 1942 நவம்பர் 15 அன்று, புவனோஸ் அயர்ஸில். ரஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்ப வழி. தாய் ஐடா, தந்தை என்ரிக்கே இருவரும் பியானோ ஆசிரியர்கள். ஐந்து வயதில் தாயிடம் தொடங்கினார், பிறகு தந்தையிடம் கற்றார். பியானோவுக்கு அவர்களைத் தவிர வேறு ஆசிரியர் அவருக்கு இருந்ததில்லை. வீட்டு மணி அடித்து யார் வந்தாலும் பியானோ கற்கத்தான் வருவார்கள் என்பதால், உலகத்தில் எல்லோருமே பியானோ வாசிப்பவர்கள் என்று சின்ன வயதில் நினைத்திருந்ததாக அவரே வேடிக்கையாகச் சொல்வார்.

ஏழு வயதில், 1950-இல் முதல் கச்சேரி. 1952-இல் குடும்பம் புதிதாகப் பிறந்திருந்த இஸ்ரேலுக்குக் குடியேறியது. 1954 கோடையில் சால்ஸ்பர்க்கில் இகோர் மார்க்கேவிச் நடத்திய வகுப்பில் நடத்துநர் பாடம் படிக்கச் சேர்ந்தார். கவனியுங்கள், பதினோரு வயது. பியானோவில் பேர் வாங்கி, அது அலுத்து, நடுவயதில் கோலுக்குத் தாவியவர் இல்லை. இரண்டும் ஒன்றாகவே முளைத்தன.

அந்தக் கோடையில்தான் வில்ஹெல்ம் ஃபூர்ட்வேங்லர் முன் வாசித்தார். பெர்லின் பில்ஹார்மோனிக்கின் தலைவராக இருந்த அவர் அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஜெர்மன் நடத்துநர். நாஜி ஆட்சியில் நாட்டை விட்டு வெளியேறாமல் இருந்துவிட்டவர் என்ற பழியும் அவர்மேல் இருந்தது. பையனை ‘ஓர் அதிசயம்’ என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். பெர்லினுக்கு வந்து பேட்டோவனின் முதல் பியானோ கான்சர்ட்டோவை வாசிக்கும்படி அழைத்தார். தந்தை மறுத்துவிட்டார். போர் முடிந்து ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஒரு யூதச் சிறுவன் பெர்லினில் போய் வாசிக்க இது காலமல்ல என்பது அவர் எண்ணம். அந்த நவம்பரிலேயே ஃபூர்ட்வேங்லர் இறந்துபோனார்.

தந்தையின் அந்த மறுப்பையும், கூடவே அந்தக் கான்சர்ட்டோவையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

லண்டன் ஆண்டுகள்

1955-இல் பாரிஸில் நாடியா பூலான்ஜேயிடம் இசையமைப்புப் பாடம். 1957-இல் நியூயார்க் கார்னகி அரங்கில் ஸ்டோகோவ்ஸ்கி நடத்த, புரோகோஃபியேவின் முதல் கான்சர்ட்டோ. 1960-இல், இருபது வயதுகூட ஆகாத நிலையில், டெல் அவிவில் பேட்டோவன் தனிப் பியானோவுக்கு எழுதிய 32 சொனாட்டாக்களையும் தொடராக வாசித்து முடித்தார். அந்த 32-ஐயும் வாழ்நாளில் பலமுறை முழுமையாகப் பதிவு செய்திருக்கிறார். 1960-களின் இறுதியில் வந்த பதிவு ஒரு துணிச்சல்கார இளைஞனுடையது. 2020-இல் வந்தது, அவசரம் எல்லாம் தீர்ந்துபோன முதியவருடையது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது தனி அனுபவம்.

அறுபதுகளின் நடுவில் லண்டனில் இங்கிலீஷ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவோடு மோட்சார்ட் கான்சர்ட்டோக்களைப் பியானோவில் அமர்ந்தபடியே நடத்தத் தொடங்கினார். இதற்கு மேடை அமைப்பையே மாற்ற வேண்டும். பியானோவைத் திருப்பி, கலைஞரின் முதுகு ரசிகர்களுக்குத் தெரியும்படி வைப்பார்கள். மூடியைக் கழற்றிவிடுவார்கள். சுற்றிலும் பிறை வடிவில் இசைக்குழு. இரண்டு கையும் வாசிக்கும்போது தலையசைவு, புருவம், மூச்சு இவைதான் சைகை. ஒரு கை காலியானால் அது காற்றில் எழும். இதில் அரைகுறை ஆள் மாட்டிக்கொள்வார். விரலில் கவனம் போனால் குழு சிதறும், குழுவைக் கவனித்தால் விரல் சறுக்கும். இளம் பாரன்பாய்மிடம் இரண்டும் ஒரே மூச்சாக வந்தன. 1967-இல் நியூ பில்ஹார்மோனியாவுடன் முழுநேர நடத்துநராகவும் அறிமுகமானார்.

அதே ஆண்டு ஜூனில், ஆறு நாள் போர் முடிந்த கையோடு, ஆங்கிலேய செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரேயை ஜெருசலேமில் மணந்தார். டு ப்ரேயைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 1973-இல் அவருக்கு மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்று தெரிந்தது. நரம்புகளின் உறையைத் தின்னும் அந்த நோய் முதலில் பறித்தது விரல் நுனியின் உணர்வை. 28 வயதுக்குள் அவருடைய மேடை வாழ்க்கை முடிந்தது. 1987-இல் 42 வயதில் இறந்தார்.

பதவிகளின் பெயர்களும் பொருளும்

செய்திகளில் வரும் பதவிப் பெயர்கள் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறு வேறு.

1. இசை இயக்குநர் – சினிமா அர்த்தத்தில் அல்ல. ஒரு குழுவின் கலை முடிவுகளுக்குப் பொறுப்பானவர்: எதை வாசிப்பது, யாரை அழைப்பது, புதிய வாசிப்பாளர்களாக யாரை எடுப்பது.

2. பொது இசை இயக்குநர் – ஜெர்மன் மொழி ஆப்பெரா அரங்குகளில் உள்ள பதவி. ஆப்பெரா, அதன் இசைக்குழு, கச்சேரிகள் எல்லாம் ஒரே கூரையின்கீழ் இவர் பொறுப்பில்.

3. தலைமை நடத்துநர் – அதிகமான கச்சேரிகளை நடத்துபவர். நிர்வாக அதிகாரம் இடத்துக்கு இடம் மாறும்.

4. விருந்து நடத்துநர் – ஒரு வாரம் வந்து நடத்திவிட்டுப் போகிறவர்.

பாரன்பாய்ம் 1975 முதல் 1989 வரை பாரிஸ் ஆர்க்கெஸ்ட்ராவில் இசை இயக்குநராக இருந்தார். அங்கே புதிதாகக் கட்டப்பட்ட பாஸ்டீல் ஆப்பெராவுக்கும் இயக்குநராக அறிவிக்கப்பட்டார். அரங்கு திறக்கும் முன்பே, 1989 ஜனவரியில், ஊதியத்தையும் கலை அதிகாரத்தையும் பற்றிய சண்டையில் தலைவர் பியர் பெர்ழே அவரை நீக்கிவிட்டார். பிரெஞ்சுப் பத்திரிகைகள் மாதக்கணக்கில் அதை மென்றன. 1991-இல் நடத்துநர் ஷோல்டிக்குப் பின் சிகாகோ சிம்பொனியின் இசை இயக்குநர். அது 2006 வரை. இசைக்கு வெளியே அந்தப் பதவி கேட்ட வேலைகள் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வெளியேறினார். 2011 முதல் 2014 வரை மிலானின் லா ஸ்காலா ஆப்பெரா அரங்கு. இவை எல்லாம் முக்கியமான இடங்களே. ஆனால் அவர் பெயர் நிலைக்கப்போவது பெர்லினில்.

பெர்லின்

1989 நவம்பர் 9 இரவு பெர்லின் சுவர் திறந்தது. அந்த நாட்களில் பாரன்பாய்ம் மேற்கு பெர்லினில் பெர்லின் பில்ஹார்மோனிக்குடன் ஒரு மோட்சார்ட் ஆப்பெராவைப் பதிவு செய்துகொண்டிருந்தார். மூன்றே நாளில், நவம்பர் 12 அன்று, கிழக்கு ஜெர்மானியர்களுக்காக மட்டும் இலவசக் கச்சேரி. நுழைவுச் சீட்டுக்குப் பதில் கிழக்கு ஜெர்மனியின் அடையாள அட்டையைக் காட்டினால் போதும். நிகழ்ச்சியில் இரண்டே உருப்படிகள். ஒன்று பேட்டோவனின் ஏழாவது சிம்பொனி. மற்றொன்று அதே முதல் பியானோ கான்சர்ட்டோ, பாரன்பாய்மே வாசித்து, தானே நடத்தியது. 35 ஆண்டுகளுக்கு முன் இதே குழுவோடு வாசிக்கப் பையனுக்கு அழைப்பு வந்ததும், தந்தை கதவைச் சாத்தியதும் இதற்குத்தான்.

1992-இல் உன்டர் டென் லிண்டன் வீதியில் உள்ள ஸ்டாட்ஸோப்பர் என்ற அரசு ஆப்பெரா அரங்கின் பொறுப்பேற்றார். மன்னர் பிரெடெரிக் 1742-இல் திறந்த அரங்கு அது. அதன் இசைக்குழுவான ஸ்டாட்ஸ்காப்பெல்லே தன் வரலாற்றை 1570 வரை பின்னோக்கிச் சொல்லும். இரண்டும் நாற்பதாண்டு காலம் கிழக்கு ஜெர்மனியில் இருந்தவை. ஒன்றுபட்ட நகரத்தில் திடீரென்று மூன்று ஆப்பெரா அரங்குகள், ஒரே கஜானா. எதை மூடுவது, எதை எதோடு இணைப்பது என்று அரசியல்வாதிகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரம். அதில் ஸ்டாட்ஸ்காப்பெல்லே தனித்து நின்று உலகத்தரக் குழுவாக வளர்ந்ததற்குப் பாரன்பாய்மின் பிடிவாதம் பெரிய காரணம். பணம் கேட்டு அமைச்சர்களை விடாமல் துரத்துவதில் அவர் கெட்டிக்காரர். 2000-இல் இசைக்குழுவினரே அவரை வாழ்நாள் தலைமை நடத்துநராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

வாக்னர் வாசித்ததில் என்ன குற்றம்?

இங்கேதான் வாசகர்களுக்கு அதிகக் குழப்பம். 1883-இல் செத்துப்போன இசையமைப்பாளரின் பத்து நிமிட இசையை வாசித்ததற்கு 2001-இல் இஸ்ரேல் நாடாளுமன்றக் குழு கூடுமா? கூடியது.

பின்னணியைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. ரிச்சர்ட் வாக்னர் 1850-இல் ‘இசையில் யூதம்’ என்ற கட்டுரையைப் புனைபெயரில் வெளியிட்டார். யூதர்களுக்குச் சொந்தமாகப் படைக்கும் ஆற்றல் இல்லை என்பது அதன் சாரம். 1869-இல் வெட்கமில்லாமல் தன் பெயரிலேயே மறுபதிப்பும் போட்டார்.

2. வாக்னர் இறந்து ஆறாண்டு கழித்துப் பிறந்த ஹிட்லர் அவர் இசைக்கு அடிமை. வாக்னர் குடும்பம் நடத்திய பேய்ராய்த் விழா நாஜிக்களின் செல்லப்பிள்ளை ஆனது.

3. பாலஸ்தீன ஆர்க்கெஸ்ட்ராவை 1936-இல் வயலின் மேதை ஹூபர்மன் தொடங்கினார். ஐரோப்பாவிலிருந்து தப்பிவந்த யூதக் கலைஞர்கள் நிறைந்த அந்தக் குழு முதலில் வாக்னரை வாசிக்கத்தான் செய்தது. 1938 நவம்பரில் ஜெர்மனி முழுக்க யூத ஆலயங்கள் எரிக்கப்பட்ட செய்தி வந்ததும் நிகழ்ச்சியிலிருந்து வாக்னரை எடுத்தார்கள். அதற்குப் பிறகு திரும்ப வைக்கவில்லை. இதற்குச் சட்டம் ஏதும் கிடையாது. எழுதப்படாத கட்டுப்பாடு, அவ்வளவே. அந்தக் குழுதான் பின்னாளில் இஸ்ரேல் பில்ஹார்மோனிக்.

4. 1981-இல் அதன் இசை இயக்குநர், மும்பையில் பிறந்த சுபின் மேத்தா, கச்சேரி முடிவில் கூடுதலாக வாக்னரை வாசிக்க முயன்றார். வதைமுகாமில் தப்பிய அரங்கப் பணியாளர் ஒருவர் மேடை முன் வந்து சட்டையை விலக்கித் தழும்புகளைக் காட்டினார்.

இதெல்லாம் தெரிந்தேதான் பாரன்பாய்ம் இறங்கினார். 1981 முதல் பதினெட்டு ஆண்டுகள் பேய்ராய்த்திலேயே வாக்னர் நடத்தியவர் அவர். 2001 ஜூலையில் ஸ்டாட்ஸ்காப்பெல்லேயோடு ஜெருசலேமில் நடந்த இஸ்ரேல் விழாவுக்கு வந்தார். முதலில் திட்டமிட்டிருந்த வாக்னர் உருப்படி எதிர்ப்பினால் நீக்கப்பட்டு, ஷூமனும் ஸ்ட்ராவின்ஸ்கியும் வந்திருந்தார்கள். ஜூலை 7 இரவு நிகழ்ச்சி முறைப்படி முடிந்தது. அதன்பின் அவையோரைப் பார்த்து ஹீப்ருவில் பேசினார். வாக்னரிலிருந்து ஒரு பகுதியை வாசிக்க விரும்புகிறேன், கேட்க விரும்பாதவர்கள் வெளியேறலாம், பெரும்பான்மையோர் வேண்டாம் என்றால் வாசிக்கவே மாட்டேன் என்றார். அரை மணி நேரம் அரங்கில் வாக்குவாதம். ‘பாசிஸ்ட்’ என்று கத்தினார்கள். கதவுகள் படார் படாரென்று அறைந்து சாத்தப்பட்டன. சிலர் போனார்கள், பெரும்பாலோர் இருந்தார்கள். பிறகு ‘டிரிஸ்டான்’ முன்னிசை.

அந்த முன்னிசை தொடங்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். செல்லோக்கள் மட்டும் ஒரு சுரத்தை மெல்ல எடுத்து, மேலே ஒரு தாவு தாவி, அங்கிருந்து நழுவி இறங்குகின்றன. அவை வந்து சேரும் இடத்தில் மரக்குழல்கள் ஓர் அடுக்குச்சுரத்தில் நுழைகின்றன. அது நிலைகொள்ளாத அடுக்கு. அடுத்து எங்காவது போய் உட்கார வேண்டும் என்று காது தவிக்கும். வாக்னர் உட்கார விடமாட்டார். இன்னொரு கேள்வியாக அதை நகர்த்திவிட்டு மௌனம். அந்தத் தவிப்பு தீருவது கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் கழித்து, ஆப்பெராவின் கடைசி அளவைகளில்தான். செல்லோக்கள் வளர்த்துத் தேய்க்கும் அந்த முதல் வரியைப் பியானோவில் வாசித்துப் பாருங்கள், சுரங்கள் கிடைக்கும், வளர்ச்சி கிடைக்காது. பியானோக்காரர் ஒருவர் ஆர்க்கெஸ்ட்ராவுக்காக ஏங்கும் இடம் இதுவே என்று எனக்குத் தோன்றும்.

பயணத்தின்போது நடந்த செய்தியாளர் சந்திப்பில் யாருடைய கைப்பேசியோ வாக்னரின் மெட்டில் ஒலித்ததாம். கைப்பேசியில் ஒலிக்கலாம், அரங்கில் ஒலிக்கக்கூடாதா என்று தோன்றியதாகப் பாரன்பாய்மே பின்னர் சொன்னார். கேட்க விரும்பாதவரைக் கேட்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை, கேட்க விரும்புகிறவரைத் தடுக்க உங்களுக்கும் உரிமையில்லை என்பது அவர் வாதம். எதிர்த்தவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. முகாம் வாயிலில் கேட்ட இசையோடு ஒருவருக்கு ஒட்டிக்கொண்ட நினைவை வாதம் செய்து பிரிக்க முடியாது. நாடாளுமன்றக் குழு ஒன்று அவர் மன்னிப்புக் கேட்கும்வரை கலை நிறுவனங்கள் அவரைப் புறக்கணிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

ஒரே தாங்கியில் இருவர்

இதற்கிடையில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் ஓட்டல் ஒன்றின் முன்கூடத்தில் தற்செயலாக எட்வர்ட் சயீதைச் சந்தித்தார். பாலஸ்தீனத்தில் பிறந்த அந்த அறிஞர் நல்ல பியானோ வாசிப்பாளரும்கூட. பேச்சு நட்பானது. 1999-இல் ஜெர்மனியின் வைமர் நகரில் இஸ்ரேலிய, அரபு இளைஞர்களைச் சேர்த்து ஒரு பட்டறை நடத்தினார்கள். அதுவே மேற்கு–கிழக்கு திவான் ஆர்க்கெஸ்ட்ரா. பாரசீகக் கவி ஹாஃபிஸைப் படித்து மயங்கி ஜெர்மன் கவி கேத்தே எழுதிய கவிதைத் தொகுப்பிலிருந்து எடுத்த பெயர். கேத்தே வாழ்ந்த ஊர் வைமர். பூக்கன்வால்ட் வதைமுகாமும் அந்த ஊரின் விளிம்பில்தான். இளைஞர்கள் அங்கேயும் போனார்கள்.

ஆர்க்கெஸ்ட்ராவில் தந்திக் கருவிக்காரர்கள் இருவர் இருவராக, இசைத்தாள் வைக்கும் ஒரே தாங்கியைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். ஒரே தாள், ஒரே பென்சில். பக்கம் முடியும்போது உள்பக்கம் இருப்பவர் வாசிப்பதை நிறுத்தித் தாளைப் புரட்டுவார், மற்றவர் இருவருக்கும் சேர்த்து வாசிப்பார். வில் மேலே போக வேண்டுமா கீழே வர வேண்டுமா என்று இருவரும் ஒத்துப்போயாக வேண்டும். அந்த இருவரில் ஒருவர் சிரியாக்காரர், மற்றவர் இஸ்ரேலியர் என்றால் என்ன நடக்கும் என்பதுதான் திவானின் சோதனை.

இது சமாதானம் கொண்டுவரும் என்று பாரன்பாய்ம் சொன்னதில்லை. அறியாமைக்கு எதிரான முயற்சி என்றே சொன்னார். ஊடகங்கள்தான் ‘அமைதிக் குழு’ என்று பட்டம் கட்டின. 2002 முதல் ஸ்பெயினின் ஆண்டலூசிய அரசு ஆதரவில் செவில் அதன் இருப்பிடம். 2005 ஆகஸ்டில் மேற்குக் கரையின் ராமல்லாவில் வாசித்தார்கள். இஸ்ரேலியர் அந்த ஊருக்குப் போக அவர்கள் நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. சிரியாக்காரருக்கோ அந்த எல்லையைத் தொடுவதே குற்றம். ஸ்பெயின் அரசு ஒவ்வொருவருக்கும் தூதரகக் கடவுச்சீட்டு கொடுத்து எல்லை கடக்க வைத்தது. சயீத் அதைப் பார்க்கவில்லை, 2003-இலேயே இறந்துவிட்டார்.

குடியுரிமைக் குழப்பமும் இங்கேதான் அவிழ்கிறது. பிறப்பால் அர்ஜென்டினா, குடியேற்றத்தால் இஸ்ரேல், இந்தப் பணிக்காக ஸ்பெயின், 2008 ஜனவரியில் ராமல்லா கச்சேரிக்குப்பின் கௌரவமாகப் பாலஸ்தீனம். 2004-இல் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் உல்ஃப் விருது வாங்கியபோது நாட்டின் சுதந்திரப் பிரகடனத்தையே வாசித்துக் காட்டி, ஆக்கிரமிப்பு இதோடு பொருந்துமா என்று கேட்டார். கல்வி அமைச்சர் மேடையிலேயே கண்டித்தார். பாலஸ்தீனத் தரப்பிலும் எல்லோரும் கொண்டாடவில்லை. சமமில்லாதவர்களைச் சமமாக உட்காரவைத்துக் காட்டுவது நிலைமையை மூடிமறைக்கிறது என்று இஸ்ரேலைப் புறக்கணிக்கக் கோரும் இயக்கத்தினர் திவானையே புறக்கணிக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் அடி. பலகுரல் இசையில் ஊறியவர் ஒற்றைக்குரல் அரசியலில் நுழைந்தால் கிடைக்கும் பரிசு அது.

மேடைக்குப் பின்னால்

2019 பிப்ரவரியில் ஒரு ஜெர்மன் இசை இதழ், பாரன்பாய்மின் கோபத்தையும் அவமதிக்கும் பேச்சையும் பற்றி வாசிப்பாளர்கள் சொன்னதை வெளியிட்டது. சிலர் பெயர் சொல்லியே பேசினார்கள். அவர் முன்கோபத்தை ஒப்புக்கொண்டார், கொடுமைப்படுத்தினேன் என்பதை மறுத்தார். சில மாதங்களில் அவர் ஒப்பந்தம் 2027 வரை நீட்டிக்கப்பட்டது. எல்லாரையும் கேட்கச் சொல்லும் மனிதரின் ஒத்திகை அறையில் வாசிப்பாளர்கள் வாய் திறக்கப் பயந்தார்கள் என்றால், அந்த முரணைத் தாண்டிப் போக முடியாது. வாழ்நாள் பதவி என்ற ஏற்பாட்டிலேயே அந்த ஆபத்து இருக்கிறது.

இன்னொரு குறையும் பேசப்பட்டது. பிற்காலப் பியானோ கச்சேரிகளில் விரல் தவறுகள் கூடின. நடத்துநர் வேலை பயிற்சி நேரத்தைத் தின்றுவிட்டது என்றார்கள். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனாலும் கருவிமேல் அவருக்கிருந்த ஆர்வம் அடங்கவில்லை. 2011-இல் இத்தாலியின் சியெனா நகரில் 19-ஆம் நூற்றாண்டுப் பியானோ மேதை லிஸ்ட்டின் பழைய பியானோ ஒன்றை வாசித்தார். இன்றைய பெரிய பியானோக்களில் அடிக்குரல் கம்பிகள் மற்றவற்றின்மேல் குறுக்காகப் போகும். ஒலி கலந்து, திரண்டு வரும். லிஸ்ட் காலத்துக் கருவியில் எல்லாக் கம்பிகளும் நேராக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். ஒவ்வொரு குரலும் தனித்துக் கேட்கும். அதே அமைப்பில் புதிதாக ஒன்றை பெல்ஜியத்தின் கிறிஸ் மானே செய்து கொடுக்க, 2015 மே மாதம் லண்டனில் அறிமுகம் செய்தார். குரல்கள் தனித்தனியே கேட்க வேண்டும் என்ற அதே பிடிவாதம், இம்முறை மரத்திலும் கம்பியிலும்.

இப்போது என்ன நிலை?

2022 அக்டோபரில், தீவிரமான நரம்பியல் கோளாறு என்று சொல்லிப் பொறுப்புகளிலிருந்து ஒதுங்கினார். அந்த மாதம் அவர் நடத்தவிருந்த வாக்னரின் நான்கு ஆப்பெராத் தொடரை கிறிஸ்டியன் தீலமான் நடத்தினார். 2023 ஜனவரி 6 அன்று, மாத இறுதியோடு ஸ்டாட்ஸோப்பரின் பொது இசை இயக்குநர் பதவியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். முப்பது ஆண்டுக்கும் மேல் வகித்த பதவி. 2024 இலையுதிர் காலத்தில் தீலமான் அதில் அமர்ந்தார்.

பார்க்கின்சன் நோய் மூளையில் டோபமைன் சுரக்கும் செல்களை அழிக்கிறது. அசைவைத் தொடங்குவது கடினமாகும், கை இறுகும், அசைவுகள் சுருங்கும். பியானோவுக்கு இது நேரடி அடி. நொடிக்குப் பல சுரங்கள் கேட்கும் விரலுக்கு ஒளிய இடமில்லை. நடத்துநருக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. குழுவுக்கு அவரைத் தெரிந்திருந்தால் சின்ன அசைவே போதும். விலகிய பிறகும் பாரன்பாய்ம் நாற்காலியில் அமர்ந்தபடி சில கச்சேரிகளை நடத்தினார். கோல் அரை அங்குலம் நகர்ந்தது, எதிரே இருந்தவர்கள் வில்லை எடுத்தார்கள்.

பெர்லினில், ஸ்டாட்ஸோப்பரின் பழைய அரங்கப்பொருள் கிடங்கில், 2016-இல் திறந்த பாரன்பாய்ம்–சயீத் அகாடமி இயங்குகிறது. மேற்காசிய நாடுகளிலிருந்து வரும் இளைஞர்கள் அங்கே இசையோடு தத்துவமும் படிக்கிறார்கள். உள்ளேயே கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி ஊதியம் வாங்காமல் வரைந்து கொடுத்த பூலேஸ் அரங்கு, 682 இருக்கைகள். அங்கே மேடை நடுவில் இருக்கும், நீள்வட்டமாகச் சுற்றிலும் ரசிகர்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் எதிரே இன்னொரு ரசிகரின் முகம் தெரியும்.